பின்னோக்கி இறங்கிய பஸ்

“பிரேக் போன பஸ்ஸை மலையிலேர்ந்து ரிவர்ஸ்லயே இறக்கினவன் நான். தூங்கின ஒருத்தர்கூட முழிக்கல, தம்பி!” ஓய்வுபெற்ற டிரைவர் விசா ஏஜென்டின் கண்ணாடி மேசையைத் தட்டுகிறார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த மலை ஒரு முழம் வளர்கிறது. “புளுகு” என்று எப்போதும் வெட்டிவிடும் மனைவி இன்று பாஸ்போர்ட்டுகளை எடுத்து அடுக்குகிறாள். குழல்விளக்கு கண்சிமிட்டுகிறது. “இந்த வயசுல டூரிஸ்ட் விசா போதும் சார், பொண்ணப் பார்த்துட்டு வந்துடுங்க. வண்டி ஓட்டுற பர்மிட்லாம் எதுக்கு?” “அப்போ டயாலிசிஸுக்கு எம்பொண்ண யாரு கூட்டிட்டுப் போவா? அங்க அவளுக்கு யாருமில்ல.” ஏஜென்டின் பார்வை மேசைமேல் நடுங்கும் அவர் கைமேல் விழுகிறது. மனைவி அந்தக் கையைத் தன் உள்ளங்கையால் மூடுகிறாள். “பெரிய விசாவே போடுங்க தம்பி, பர்மிட்டும் சேர்த்து. அவர் சொன்னது நடந்ததுதான். அந்த பஸ்ல நானும் இருந்தேன். யாரும் தூங்கல, பயத்துல கண்ண மூடிட்டிருந்தோம்.”