முதலில் இறங்கியவள்

மேடையில் தங்கை பேசிக்கொண்டிருந்தாள்.

அக்காவான அவள் மூன்றாவது பெஞ்சில், அம்மாவுக்குப் பக்கத்தில்.

பேச்சில் வந்ததெல்லாம் அவள் தேடி எடுத்தது. கல்லறைத் தோட்டத்தில் முள்ளை வெட்டி, பாசி படிந்த கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பெயர் படித்தவள் அவள். எல்லாவற்றையும் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பாஸ்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"நம்ம சபையோட நூற்றாண்டு விழாம்மா. பியூலா பேசட்டும். காலேஜ்ல பாடம் எடுக்கறவங்க, கோர்வையா வரும்."

கோர்வையாகத்தான் வந்தது.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தனக்காக அம்மா அப்படித் துடைத்து அவள் பார்த்ததில்லை.

"இந்தச் சபையில மொதமொத ஞானஸ்நானம் எடுத்தவங்க எங்கம்மாவோட பாட்டி லீதியாள். ஊரே மேல நின்னு பாக்க, ஏத்தக் கெணத்துப் படியில எறங்கிப் போனாங்க."

பியூலா நிறுத்தினாள்.

"லீதியாள், ஞானஸ்நானம் குடுத்த வெள்ளைக்கார ஐயர் வெச்ச பேரு. அதுக்கு முன்னாடி என்ன பேருன்னு மட்டும் தெரியல."

அவளுக்குத் தெரியும்.

போன வாரம், லீதியாளின் அண்ணன் வழியில் மதம் மாறாத குடும்பத்தைத் தேடிப் போயிருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"லீதியாளா? அப்பிடி யாரும் எங்க வகையறாவுல இல்லீங்களே. கெணத்துல எறங்கிப் போனவ பூவாயி."

அதை மட்டும் அவள் அனுப்பவில்லை.

பூவாயி.

வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். இது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும்.

பியூலா தாளை மடித்தாள்.

"இதுல ஒண்ணுகூட நான் தேடினது இல்ல. எல்லாம் எங்கக்கா. பேசச் சொன்னப்பவே பாஸ்டர்கிட்ட சொன்னேன், அக்காதான் பேசணும்னு. எந்திரிக்கா."

கைதட்டல். தலைகள் திரும்பின. பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

பாஸ்டர் மைக்கோடு இறங்கி வந்தார்.

"அந்தப் பழைய பேரு உங்களுக்கும் கெடைக்கலையாம்மா?"

இப்போது சொன்னால், இத்தனை நேரம் ஏன் சொல்லவில்லை என்று பியூலா கேட்கமாட்டாள். அதுதான் தாங்காது.

"தெரியலங்க ஐயா."

"அக்காவுக்கே கெடைக்கலன்னா," மேடையிலிருந்து பியூலா சிரித்தாள், "அது இனிமே யாருக்கும் கெடைக்காது."

பியானோ தொடங்கியது. பாடுவதற்காகச் சபை முழுக்க எழுந்து நின்றது.

அவள் உட்கார்ந்தாள்.