ஒற்றை எக்ஸ்

என் இரண்டு கண்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை. ஆய்வகத்தில் என்னோடு இருந்த தவசிமுத்து ஓய்வு பெற்றபின் அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. ரவையும் வெல்லமும் காய்ச்சிப் பழ ஈக்களுக்குப் புட்டியில் ஊற்றுவது, ஆண் பெண் பிரிப்பது என்று ஆறு வருடமாக இருவர் வேலையையும் நானே பார்த்தேன். தூங்குவதற்கு ஒரே ஒரு நாள் விடுப்புக் கேட்டேன். பேராசிரியர் பியூலா நிமிரவே இல்லை.

"பெண் ஈக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு, அண்ணாச்சி. ஆணுக்கு ஒண்ணுதான். அந்த ஒண்ணே ரெண்டு மடங்கா ஆர்.என்.ஏ. நகல் எடுத்துச் சரிக்கட்டுது. அது லீவு கேக்குதா?"

"அதுக்குக் கேக்கத் தெரியாது மேடம்."

போய்ப் புட்டியின் பஞ்சடைப்பைச் சற்றே விலக்கி, பாதி வேலைதான் உங்களுடையது என்று ஆண் ஈக்களிடம் சொன்னேன். முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டே கேட்டன.

மறுநாள் அளந்தால், ஆண்களின் எக்ஸிலிருந்து நகல் சரிபாதிதான் வந்திருந்தது. மேடம் மூன்று முறை அளந்தார்.

"அதுங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன்."

"இப்படியே போனா எல்லாம் செத்துப்போயிரும், அண்ணாச்சி. பழையபடி வேலை பாக்கச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும். நீங்க நாளைக்கே லீவு எடுத்துக்கங்க."

ஈக்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கையெழுத்தான விடுப்புத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மறுநாள் மே முதல் தேதி, ஊருக்கே விடுமுறை.