மதில் வாசல் சாவி

"எந்த மடப்பய லாரியை வாசலுக்குள்ள சொருகினது?"

இத்வால் போட்ட சத்தத்தில் சந்தைக் கடைகளில் பேரம் நின்றுபோனது. வேல்ஸில் எங்கள் ட்ரெவாலனைவிடப் பெரிய ஊர்கள் எத்தனையோ உண்டு. ஆனால் எழுநூறு வருடக் கல் மதில் இவ்வளவு முழுசாக நிற்கும் ஊரைக் காட்டுங்கள், பார்ப்போம். அந்த மதிலில் வண்டி போக ஒரே வாசல்தான். அதன் வளைவுக்குள் பெரிய லாரி ஒன்று முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் இறுகிக் கிடந்தது.

"நம்ம ரக்பி டீமுக்கு இப்படி ஒரு ஆளு கிடைச்சா, ஒருத்தனும் தாண்ட மாட்டான்" என்றார் கசாப்புக் கடை கெரைன்ட்.

"சிரிக்காதேய்யா! என் மருமகளுக்கு வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரி அடுத்த ஊர்ல இருக்கு!"

சிரித்தவர்கள் ஓடிப்போய் லாரியைத் தள்ளிப் பார்த்தார்கள்.

லாரிக்கு அந்தப் பக்கமிருந்து மகன் ஹூவின் குரல் வந்தது. "அப்பா! கார் இங்க தயாரா நிக்குது. மாரெட்டை எப்படியாவது கூட்டிட்டு வாங்க!"

இத்வால் வீட்டுக்கு ஓடினார். வாசலை ஒட்டிய வீடு, பின்சுவரே மதில்தான். மாடி அறையில் மாரெட் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்து வீட்டு நெரிஸ் அதற்குள் வந்து சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள். நெரிஸ் அனுபவப்பட்ட மருத்துவச்சி.

"எழுந்திரும்மா. நாற்காலியில உட்கார வச்சு, வாசல் பக்கத்துச் சின்னக் கதவு வழியாத் தூக்கிட்டுப் போயிடறோம்."

"முடியாது மாமா. ஓரடி நகர முடியாது."

"ஏன் பதறுறீங்க?" என்றாள் நெரிஸ். "ரெண்டாவது பிரசவம். எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் பார்த்துக்கறேன்."

இத்வாலுக்கு மதில் என்றால் உயிர். ஊர் வழக்கப்படி, மே மாதச் சந்தையன்று மதில் வாசலைச் சாவி போட்டுத் திறப்பவர் மதிலுக்குள் பிறந்தவராக இருக்க வேண்டும். அடுத்த ஊரில் ஆஸ்பத்திரி வந்த பிறகு உள்ளே ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. மிஞ்சியிருப்பவர் இத்வால் ஒருவர்தான். அவருக்குப் பிறகு சாவியை வைக்க அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியே தயார். மூத்த பேத்தி ஆஸ்பத்திரியில் பிறந்தபோது, "வெளியூர்க்காரிக்கு நம்ம மதிலோட அருமை எங்க தெரியப்போகுது?" என்று மாரெட் காதுபடவே சொன்னவர் அவர்.

இன்று அந்த வீராப்பு இருந்த இடம் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்து கத்தினார். "கெரைன்ட்! கடப்பாரையைக் கொண்டா! வளைவுல நாலு கல்லைப் பேர்த்தா லாரி நகர்ந்துடும்!"

"மாமா!" மாரெட் சீறினாள். "அந்த மதில்ல யாராவது கை வச்சீங்க, நானே எழுந்து வந்துடுவேன்!"

"உன்னைவிட மதிலாம்மா பெருசு?" அவர் குரல் உடைந்தது. "சாவி கண்ணாடிப் பெட்டிக்கே போகட்டும். நீ நல்லபடியா இருந்தாப் போதும்."

மாரெட் அவரையே பார்த்தாள். அவ்வளவு வலியிலும் அவள் கண் கலங்கியது அந்த வார்த்தைக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் வீல் என்று ஓர் அழுகை தெருவரைக்கும் கேட்டது. பெண் குழந்தை. எங்கள் ஊரில் யார் குரல் எழுப்பினாலும் கூடச் சேர்ந்து பாட நாலு பேர் இருப்பார்கள். அன்று சந்தையே பாடியது. சின்னக் கதவு வழியாக ஓடிவந்த ஹூ, படிக்கட்டில் உட்கார்ந்து சிறுபிள்ளை மாதிரி அழுதான்.

இத்வால் பேத்தியை ஏந்தி ஜன்னலில் நின்றார். "பார்த்துக்கோங்கய்யா! மதிலுக்குள்ள பிறந்தவ! சாவிக்கு ஆள் வந்தாச்சு!"

சக்கரத்துக் காற்றை இறக்கி ஒருவழியாக லாரியை வெளியே எடுத்த டிரைவர், கையில் ஒரு மரத் தொட்டிலோடு தயங்கித் தயங்கி மாடியேறி வந்தார்.

"வாய்யா மகராசா!" இத்வால் அவரைக் கட்டிக்கொண்டார். "திட்டினதை மனசுல வச்சுக்காதே. நீ மட்டும் சிக்கலேன்னா இவ ஆஸ்பத்திரியில பிறந்திருப்பா."

"என் மேல என்னங்க தப்பு? ஒரு தொட்டிலுக்கு எதுக்கு லாரி, சின்ன வேன்ல கொண்டாறேன்னு போன்லயே சொன்னேன். 'வலி வந்துடுச்சு, உடனே வாங்க, பெரிய லாரியிலதான் வரணும்'னு உங்க மருமகதான் ஒத்தக்கால்ல நின்னாங்க."

இத்வால் மெல்லத் திரும்பினார்.

மாரெட் குழந்தைக்குப் போர்வையைச் சரிசெய்தபடி சொன்னாள்: "சின்ன வேன் சிக்காதே, மாமா."