இரவல் நிலத்துக் காவோ மரங்கள்

லவாலி என்பவரின் மணல் கொல்லையில் கண்டே என்ற பெண் கோடரியோடு நிற்கிறாள். நிலம் அவருடையது, இவள் இரவலுக்கு உழுகிறவள். காவோ முள்மரம் கோடையில் தழைத்து மழையில் இலை உதிர்க்கும்; இது மழைக்காலம் என்பதால் இளமரங்கள் மூன்றும் இலையை உதிர்த்துவிட்டு வெறும் முள்ளாய் நிற்கின்றன. அந்த இலை மக்கிய இடத்தில் மட்டும் கம்பு கரும்பச்சையாய் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் கணுக்கால் உயரத்தில் மஞ்சளடித்துக் கிடக்கிறது. பிள்ளைகளின் இந்த வருஷக் கஞ்சி அந்த மூன்று பச்சை வட்டங்களில்தான் இருக்கிறது.

"இன்னைக்கு நீ மரம் வளப்ப. நாளைக்கு உன் மவன், இது எங்காத்தா வளத்த மரம், நெலமும் எங்களுதுன்னு வந்து நிப்பான். வெட்டு தங்கச்சி, இல்லேன்னா நெலத்த விட்டுட்டுப் போ," என்கிறார் லவாலி. குரலில் கோபமே இல்லை.

"மரம் உங்களுதுன்னு பள்ளிவாசல்ல வந்து சொல்றேண்ணே. கம்ப மட்டும் அறுத்துக்கிறேன்."

"சொல்லுவ. ஆடு கடிக்காம யாரு வேலி போட்டான்னு ஊரே பாத்துச்சே."

கோடரி இறங்குகிறது. பச்சைத் தண்டின் ஈரம் அவள் முழங்கையில் தெறிக்கிறது. மூன்றும் சாய்ந்த பிறகும் கம்பு அசையாமல் நிற்பதைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சு வருகிறது. லவாலி குனிந்து, வெட்டிய இடத்தைத் தடவிப் பார்க்கிறார்.

"இது திரும்பத் துளிர் விடுற சாதி. வேரையும் தோண்டிடு தங்கச்சி."

வேருக்கு மேலேதான் கம்பு நிற்கிறது. கண்டே கோடரியைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டு, கதிர் இன்னும் பால் பிடிக்காத முதல் கம்புத் தூரை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறாள்.