கிடைத்த இடம்

பூச்சியியல் மாலை வகுப்பில் அந்தக் குளவியின் உணர்கொம்புக் கணுக்களை ஏழு முறை எண்ணிய பிறகே அது புது இனம் என்று நம்பினேன். பேராசிரியரும் ஒப்புக்கொண்டார். கத்தரிக்காய்ப் புழுவைத் தின்று வளர்ந்து, அதன் உடலிலிருந்து வெளிவந்த குளவி, கடுகைவிடச் சிறியது. ஆய்விதழில் அச்சாகப் போகும் விவரக்குறிப்பில் ‘கிடைத்த இடம்’ மட்டும் பாக்கி. அது அண்ணி நடத்தும் மரகதம் மெஸ்ஸின் சமையலறை.

“கத்தரிக்காய்ல புழுன்னு அச்சுல வந்தா எவன் தம்பி சாப்பிட வருவான்?” என்றார் அண்ணி.

பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. வகுப்புக்கு அழைத்துவந்து நுண்ணோக்கியில் காட்டினேன். பச்சையும் பொன்னுமாக மின்னியதை வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“மெஸ் பேரையே போடுங்க,” என்றார் நிமிராமல். “மருந்தடிச்ச காய்னா இது பொழைச்சிருக்குமா? அதையும் சேர்த்து எழுதுங்க.”