நொண்டிக் கொசு சிபாரிசு செய்த கச்சேரி

சபாவின் பின்பக்கச் சாக்கடையில் ஒரு நொண்டிக் கொசு இருந்தது. எந்தக் கச்சேரிக்குப் போகலாம் என்று மற்ற கொசுக்கள் அதனிடம்தான் கேட்கும்.

"இன்னைக்குப் பிள்ளையார் கோயில் கச்சேரிக்குப் போங்க" என்றது நொண்டி.

"நல்லா இருக்குமா?" என்று கேட்டது அதன் சிநேகிதி.

"படு மோசமா இருக்கும். ஒருத்தரும் தொடையில தட்டித் தாளம் போட மாட்டாங்க. தைரியமா தொடையில உட்காரலாம்."

"எனக்கு ஒரு தடவையாவது நல்ல பாட்டுக் கேக்கணும்."

"நல்ல பாட்டுக்குப் போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லை. நானே பாதியில ஒரு காலை விட்டுட்டு ஓடி வந்தவ."

"அந்தப் பாதி எப்படி இருந்துச்சு?"

"அன்னைக்குப் பாடினவங்கதான் இன்னைக்குக் குளத்தங்கரையில பாடறாங்க" என்றது நொண்டி.

சிநேகிதி பறந்து போனது.

மறுநாள் காலையில் மற்ற கொசுக்கள் வந்தன. "பிள்ளையார் கோயில்ல சகிக்கலை. குளத்தங்கரையில எப்படியாம்?"

நொண்டி பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தது.

"ரொம்ப நல்லா இருந்திருக்கு" என்றது.