இடப்பக்கம் சற்றே மங்கல்

மனைவி இன்றைக்கும் காபிக் கோப்பையை மவுஸுக்குப் பக்கத்தில்தான் வைத்தாள்.

மேசையின் இடது பக்கம் காலியாகக் கிடக்கிறது. கதவும் அந்தப் பக்கம்தான். அதை விட்டுவிட்டு, நாற்காலிக்கும் அலமாரிக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு சுற்றி வந்து, வலது பக்கம் வைப்பாள். சில மாதங்களாக இதே கதை. போன வாரம் கை பட்டுக் கோப்பை கவிழ்ந்து கீபோர்டு முழுக்கக் குளித்தது.

“இந்தப் பக்கம் வெச்சா என்னவாம்?” என்று அவர் எரிந்து விழுந்தார். அவள் கோப்பையை மவுஸிலிருந்து ஒரு விரல் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சண்டை போட நேரமில்லை. மூன்று மணிக்குள் கட்டுரை போயாக வேண்டும்.

இந்த வாரம் ஒரு புதிய ஹெட்போன். செய்தவர்கள் சின்னக் கம்பெனிக்காரர்கள், நான்கே பேர். பெட்டிக்குள் கைப்பட ஒரு கடிதம் வேறு வைத்திருந்தார்கள்: ‘நீங்கள் கேட்டுச் சொன்னால் போதும், சார்.’

அப்படிச் சொல்லாதவர் யார்? பத்திரிகையில் அவருக்குப் பட்டப்பெயரே ‘காது’தான். “காது கட்டுரை வந்துடுச்சா?” என்றுதான் அங்கே கேட்டுக்கொள்வார்கள். அவருக்கும் அதில் உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு.

இருபது வருடமாக எந்தக் கருவி வந்தாலும் ஒரே பாட்டை வைத்துத்தான் சோதிப்பார். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் வரும். இடது பக்கம் மட்டும். வாசித்தவர் மூச்சு இழுப்பது வரை கேட்க வேண்டும், கேட்டால் நல்ல கருவி.

இதில் மூச்சும் இல்லை, குழலும் பாதிதான்.

ஆகவே எழுதினார்: ‘இடப்பக்கம் ஒலி சற்றே மங்கல். இரண்டரை நட்சத்திரம்.’

அந்த நால்வருக்காகக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் இந்தத் தொழில் செய்ய முடியாது. கடைசியில் காலைச் செய்தியையும் ஒரு பிடி பிடித்தார். ஏதோ ஒரு பாட்டுச் செயலி, பழைய பாட்டுகளை எல்லாம் புதுத் துல்லியத்தில் தரப்போகிறதாம். இருந்த குழலையே ஹெட்போன்காரர்கள் முழுங்கிவிட்டார்கள், இதில் துல்லியம் ஒரு கேடா என்று முடித்து அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. பக்கத்தைத் தயாரிக்கும் உதவியாசிரியை.

“தப்பா நினைச்சுக்காதீங்க சார். மூணு வாரமா மூணு கம்பெனி ஹெட்போன். மூணுலயும் ‘இடப்பக்கம் ஒலி சற்றே மங்கல்’னு அதே வரி இருக்கு. பழைய கட்டுரையிலேருந்து காப்பி பேஸ்ட் ஆகியிருக்குமோன்னு…”

அவருக்குச் சுருக்கென்றது. அவரைப் பார்த்துக் காப்பி பேஸ்ட் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. “லைன்ல இரும்மா” என்று போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஹெட்போனை எடுத்து மாட்டினார். அந்தப் பெண்ணிடம் இப்போதே நிரூபித்துவிட வேண்டும்.

அவசரத்தில் அதைத் திருப்பி மாட்டிவிட்டார்.

பாட்டு ஓடியது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் வந்தது. வலது காதில், கணீரென்று, மூச்சு இழுப்போடு.

குறை ஹெட்போனில் இருந்தால் அது எந்தக் காதில் மாட்டினாலும் மங்கலாகத்தானே இருக்க வேண்டும்?

கழற்றி நேராக மாட்டினார். குழல் மங்கியது. திருப்பி மாட்டினார். மூச்சு கேட்டது. போன வாரத்து ஹெட்போனை இழுப்பறையிலிருந்து எடுத்துத் திருப்பி மாட்டினார். அதிலும் மூச்சு கேட்டது.

முதலில் வந்தது வெட்கம். அந்த நான்கு பேர், அதற்கு முந்தைய இரண்டு கம்பெனிகள். அப்புறம் பயம் வந்தது. இனி அந்தக் குழலை அது வந்த பக்கத்திலேயே கேட்க முடியுமா?

“சார், இருக்கீங்களா?”

“இருக்கேன். அந்த வரியை எடுத்துடும்மா. நாலரை நட்சத்திரம் போடு. முந்தின ரெண்டுக்கும் ஒரு திருத்தம் வெளியிடணும்.”

“காரணம் என்னன்னு போட?”

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். “காதுன்னு போடு” என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். “உங்க பேருன்னு நினைச்சுக்கப்போறாங்க சார்.”

போனை வைத்தார். கோப்பையில் காபி ஏடு கட்டியிருந்தது.

மனைவி வந்தாள். கேட்க வேண்டியதைக் கதவோரம் நின்றே கேட்டிருக்கலாம். நாற்காலிக்குப் பின்னால் சுற்றி, அலமாரியில் முழங்கையை இடித்துக்கொண்டு, அவருடைய வலது தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஆறிப்போச்சே. வேற போட்டுத் தரவா?”

சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலி மாறியது நினைவுக்கு வந்தது. ஃபேன் காற்றுக்காக என்று நினைத்திருந்தார். நடக்கப் போகும்போது அவரைத் தாண்டி வலது பக்கம் போய்ச் சேர்ந்துகொள்வாள். கடைகளை வேடிக்கை பார்க்க என்று நினைத்திருந்தார்.

“எப்பலேருந்து?” என்றார், திரும்பாமல்.

எது என்று அவள் கேட்கவில்லை.

“மழை ஆரம்பிச்சப்பலேருந்து. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றாள். கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் சூடான காபியோடு திரும்பி வருவதற்குள், அவர் மவுஸை எடுத்து இடது பக்கம் வைத்து, வலது பக்கம் கோப்பைக்கு இடம் விட்டார்.